நோய்ப்படுக்கையும் கைகால் வீக்கமும்

மக்கள் யாக்கைக்கு நோய் வருதல் இயல்பு. வந்த நோய் கடியதாயின் படுக்கையிற் கிடத்தலும் இயல்பே. அங்ஙனம் கிடப்பாரைக் காணச் செல்வோர் முதற்கண் அவர் முகத்தை நோக்குவர். மூச்சு எவ்வாறு இயங்குகின்றதென்று பார்ப்பர். காய்ச்சல் தணிந்ததோவென்று நெற்றியைத் தொட்டு உசாவுவர். போர்வைக்குள் மறைந்த கால்களையும், இருபுறமும் தளர்ந்து கிடக்கும் கைகளையும் நோக்குவார் சிலரே. நோக்குவாருள்ளும், சில நாட்களுக்கு முன் மெலிந்திருந்த கை இப்பொழுது பருத்து மினுமினுத்துத் தோன்றுவது கண்டு சிலர் அஞ்சுவர், சிலரோ, "உடம்பு தேறிவிட்டது, சதை பிடித்துவிட்டது" என்று மகிழ்வர். அவ்வச்சமும் அம்மகிழ்ச்சியும் ஆகிய இரண்டும் பொருளறியாமையாற் பிறப்பன. அப்பருமை சதையன்று, நீர். அந்நீர் எங்கிருந்து வந்தது, வந்தது ஏன் போகாது நின்றது, அழுத்தத்தாலும் அசைவாலும் அதனைப் போக்குமாறு யாது என்பவற்றை இக்கட்டுரைக்கண் ஒருவாறு விளக்க முயல்வாம்.

மருத்துவம் பயிலாது தமிழ் பயிலும் நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். மருத்துவமனைகளில் இதற்கு 'எடிமா' என்னும் பெயர் வழங்குகின்றது. நோயாளியின் சுற்றத்தார் அச்சொல்லைக் கேட்டுத் தலையசைக்கின்றனர். ஆயின், அது யாதென்பது விளங்காமையால், தாம் செய்யத்தகுவது இன்னது, தகாதது இன்னது என்று அறியாராய் மீளுகின்றனர். கருத்து விளங்காத இடத்துக் கை உதவ மாட்டாது. ஆதலின் இதனைத் தெளிதமிழிற் சொல்லிப் பார்த்தல் நம்மனோர்க்கும் உரிய பணியேயாம் எனத் துணிந்தோம்.

வீக்கம் யாது?

நெல்வயலுக்கு வாய்க்கால் வழியே நீர் பாய்கின்றது. பயிர் கொண்டது போக எஞ்சிய நீர் வடிகால் வழியே வெளியேறுகின்றது. மடை உடைந்து நீர் மிகுதியாய்ப் பாயினும், வடிகால் தூர்ந்து அடைபடினும் வயலில் நீர் தேங்கும், பயிரும் அழுகும். நம் உடம்பினுள் நிகழ்வதும் இதனையொத்ததே.

இருதயத்தினின்று புறப்பட்ட குருதி தமனிகள் வழியே உடம்பெங்கும் சென்று, சிரைகள் வழியே மீண்டும் இருதயத்தையே அடைகின்றது என்னும் உண்மையை 1628 ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஆர்வி நூலெழுதி நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் பாலம் யாதென்பதை அவர் கண்டாரல்லர். 1661 ஆம் ஆண்டில் இத்தாலியராகிய மால்பீகி, தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியால் நோக்கி, மயிரினும் நுண்ணிய தந்துகிக் குழாய்களே அப்பாலம் எனக் கண்டனர். இத்தந்துகிகளின் சுவரே உடம்பின் மடை. நீரும் உப்பும் அதன் வழியே எளிதிற் கசியும். குருதியிலுள்ள புரதப்பொருளோ பெரும்பாலும் உள்ளேயே தங்கும்.

இக்கசிவை ஆளும் ஆற்றல்கள் இரண்டு. ஒன்று, குருதியின் அழுத்தம். அது நீரை வெளியே தள்ளும். மற்றொன்று, குருதியிலுள்ள புரதத்தின் ஈர்ப்பு. அது நீரை உள்ளே நிறுத்தும். இவ்வீர்ப்பு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரச அளவினது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள சமநிலையை 1896 ஆம் ஆண்டில் எர்னஸ்டு ஸ்டார்லிங் என்பார் விளக்கினர். தள்ளும் ஆற்றல் மிகினும், ஈர்க்கும் ஆற்றல் குறையினும், சுவரே பழுதுபடினும் திசுக்களில் நீர் மிகும்.

இனி, வடிகாலைப் பற்றிச் சிறிது கூறுவாம். கசிந்த நீரை மீட்டு வருவன நிணநீர்க் குழாய்கள். நிணம் என்னும் சொல் பழந்தமிழிற் கொழுப்பை உணர்த்துவது. உண்ட கொழுப்பைக் குடலினின்று சுமந்து செல்வனவும் இவ்வகைக் குழாய்களே யாதலின், நிணநீர் என்னும் பெயர் பொருத்தமுடையதாயிற்று. 1622 ஆம் ஆண்டில் அசெல்லி என்னும் இத்தாலியர், உணவுண்ட நாயொன்றன் வயிற்றினுள் பால்போன்ற வெண்ணிறக் குழாய்களைக் கண்டமையே இவ்வாராய்ச்சிக்கு வித்து. பின்னர்ச் சுவீடன் நாட்டு ரூட்பெக், டென்மார்க்கு நாட்டுப் பார்த்தலின் என்னும் இருவரும் 1650 ஐ அடுத்த ஆண்டுகளில், இக்குழாய்கள் உடம்பின் ஏனைப் பகுதிகளிலும் பரந்து கிடத்தலைக் கண்டு, முதலிற் கண்டவர் யாரென வழக்கும் இட்டனர். இக்குழாய்கள் நாடோறும் சில லிட்டர் அளவான நீரைக் கழுத்தின் அடியிலுள்ள பெருஞ்சிரைகளிற் கொண்டு சேர்க்கின்றன.

தந்துகியின் தொடக்கத்திற் கசிந்த நீரிற் பெரும்பகுதி அதன் இறுதிக்கண் உள்ளே மீண்டுவிடும். எஞ்சிய சிறுபகுதியே நிணநீராகும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. 2010 ஆம் ஆண்டில் லெவிக், மிச்செல் என்னும் அறிஞர் இருவர், பற்பல சோதனைகளையும் தொகுத்து நோக்கி, பெரும்பாலான திசுக்களில் அங்ஙனம் நிலையாக மீளுதல் இல்லை. கசிந்த நீர் மீளும் பெருவழி நிணநீர்க் குழாயே என எடுத்துக் காட்டினர். இக்கருத்தை வாசகர் உளங்கொள்ளல் வேண்டும். எற்றுக்கெனின், நிணநீர்க்கு இருதயம் போன்ற பொறி ஒன்றில்லை. பெருங்குழாய்கள் தாமே சுருங்கி விரியும் இயல்பின எனினும், தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்றத்தாழ்வும் அவற்றிற்கு உறுதுணை. மீண்டொழுகாவாறு இடையிடையே தடுக்கிதழ்கள் உள்ளனவாதலின், ஒவ்வோர் அசைவும் நீரை ஒருபடி மேலேற்றும். அசைவு நின்றவழி ஏற்றமும் தளரும்.

கடுநோயில் வீக்கம் மிகுவது ஏன்?

கடுநோயாளரைத் தனியிடத்து வைத்து இரவுபகலாகப் பேணும் தீவிர சிகிச்சை முறை பழமையானதன்று. 1952 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபனேகனில் இளம்பிள்ளைவாதம் பெருகி, மூச்சுத் தசைகள் செயலற்றோர் பலர் மருத்துவமனையை அடைந்தனர். பியோன் இப்சன் என்னும் மருத்துவர், தொண்டையிற் குழாய் செருகிப் பையை அழுத்திக் காற்றூட்டும் முறையைக் கையாண்டார். அப்பையை அழுத்த இயந்திரம் போதாமையின், ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து நோயாளர் அருகமர்ந்து, மணிக்கணக்காகத் தம் கைகளாலேயே மூச்சளித்தனர். நம்மையொத்த மாணவர் கைகளாற் பிறந்தது தீவிர சிகிச்சை என்பது நினைந்து மகிழத்தக்கது. முன்னாளில் ஓரிரு நாளில் மடிந்திருக்கக் கூடியோர் இன்று வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடந்து பிழைக்கின்றனர். அங்ஙனம் கிடத்தலின் விளைவுகளுள் ஒன்றே நாம் ஈண்டுக் கூறும் வீக்கம்.

அதன் காரணங்கள் பல. முதலாவது, நச்சுக்கிருமிகள் குருதியிற் பரவிய நோயில் தந்துகிச் சுவரின் உட்புறத்தே போர்த்துள்ள மெல்லிய சர்க்கரைப்புரதப் படலம் உதிர்கின்றது, மடை பழுதுபடுகின்றது. இரண்டாவது, ஆல்புமின் என்னும் குருதிப் புரதம் குறைகின்றது, ஈர்ப்பு தளர்கின்றது. மூன்றாவது, தாழ்ந்த குருதியழுத்தத்தை உயர்த்தற்பொருட்டுச் சிரை வழியே உப்புநீர் லிட்டர் கணக்கிற் செலுத்தப்படுகின்றது. அஃது உயிர்காக்கும் செயலே. ஆயினும் செலுத்திய நீரிற் பெரும்பகுதி சில மணி நேரத்திற் குழாயைவிட்டுத் திசுக்களிற் புகும். நான்காவது, சிறுநீரகமும் இருதயமும் தளர்ந்தவழி மிகைநீரை வெளியேற்றுதல் அரிதாகின்றது. ஐந்தாவது, காற்றூட்டும் பொறி மார்பினுள் அழுத்தத்தை உயர்த்துதலால், இருதயத்தை நோக்கி வரும் சிரைக்குருதி சிறிது தடைப்படுகின்றது. ஆறாவதும் நம் கட்டுரைக்கு முதன்மையானதும் அசைவின்மை.

நின்றுகொண்டிருக்கும் ஒருவரது கணுக்காற் சிரையில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் அழுத்தம் உளது. அவர் நடக்கத் தொடங்கியதும் அது மூன்றிலொரு பங்களவிற்குத் தாழ்ந்துவிடும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கிச் சிரையைப் பிழிந்து குருதியை மேலேற்றுதலே இதற்குக் காரணம். இதனாற் கெண்டைக்காலை இரண்டாவது இருதயம் என்பாரும் உளர். படுத்த நோயாளியிடத்து அவ்விரண்டாவது இருதயம் வாளா கிடக்கின்றது. மயக்க மருந்தால் ஆழ்ந்து உறங்குவாரிடத்துச் சிறு புரளலும் இல்லை. நீர் தாழ்ந்த இடத்தை நாடுமாதலின், புறங்கை, பாதம், தொடையின் பின்புறம், முதுகின் அடி ஆகியவற்றிலே தேங்குகின்றது.

வீக்கத்தால் விளையும் கேடு

"நீர் தானே, நோய் தீர்ந்தால் வற்றிவிடாதோ" என்று கருதற்க. முதற்கேடு தோலுக்கு. வீங்கிய தோல் இழுபட்டு மெலிந்து, சிறிது உராய்ந்தாலும் கொப்புளித்து நீர் கசியும். திசுவினுள் நீர் மிக, தந்துகிக்கும் உயிரணுவுக்கும் இடைத்தூரம் மிகுந்து உணவும் உயிர்வளியும் சென்றடைதல் குறையும். படுக்கைப்புண் எளிதில் தோன்றும். தோன்றியது எளிதில் ஆறாது.

இரண்டாவது கேடு மூட்டுகளுக்கு. வீங்கிய கை தானாகவே ஒரு தீய நிலையை அடைகின்றது: மணிக்கட்டு தொங்குகின்றது, விரலடி மூட்டுகள் நேராக நீளுகின்றன, நடுமூட்டுகள் மடிகின்றன, கட்டைவிரல் உள்ளங்கையை அடுத்து ஒடுங்குகின்றது. சில வாரம் இந்நிலையிற் கிடப்பின் மூட்டைச் சூழ்ந்த தசைநார் சுருங்கி இறுகிவிடும். உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் சோற்றைப் பிசைந்து உண்ணவும், எழுதுகோலைப் பிடிக்கவும், சட்டைப் பொத்தானை மாட்டவும் இயலாராய் வருந்துவர். உழைத்துண்ணும் குடும்பத்திற்குக் கையிழப்பு எத்தகையதென்பதை நாம் விரித்துக் கூறவேண்டுவதின்று.

மூன்றாவது கேடு மறைவானது. நோய்ப்படுக்கையில் தசை வியப்புறும் விரைவிற் கரைகின்றது. இங்கிலாந்தில் தீவிர சிகிச்சை பெற்றோரிடத்து நிகழ்த்தி 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தொடையின் முன்தசையின் குறுக்குப் பரப்பு 10 நாட்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்தமை காணப்பட்டது. தசை கரைந்த இடத்தை நீர் நிரப்புதலால் புறத்தே காண்போர்க்குக் கால் மெலிந்ததாகத் தோன்றுவதில்லை. "சதை பிடித்தது" என்று மகிழ்ந்த வேளையிலேயே சதை அழிந்துகொண்டிருத்தல் கூடும். இதனினும் கொடிய மயக்கம் வேறு யாது?

முதலிற் செய்யத்தகுவன

வீக்கத்தின் வேரைக் களைதல் மருத்துவர் கடன். நோய்க்கிருமியை அடக்குதலும், செலுத்தும் நீரை அளவிடுதலும், காலமறிந்து மிகைநீரைச் சிறுநீராக வெளியேற்றுதலும், உணவிற் புரதத்தைச் சேர்த்தலும் அவர் பணி. அழுத்தமும் அசைவும் அவற்றிற்குத் துணையேயன்றி மாற்றல்ல.

சுற்றத்தார் முதற்கண் செய்யத்தகுவது ஒன்றுண்டு. நோயாளியின் மோதிரம், வளையல், மெட்டி, கையிற் கட்டிய கயிறு ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன்னரே கழற்றிவிடுதல் வேண்டும். மங்கலப் பொருள் என்றும், நேர்ந்து கட்டியது என்றும் தயங்குவோர் பலர். வீங்கிய விரலிற் புதைந்த மோதிரம் குருதியோட்டத்தைத் தடுத்து விரலையே கெடுக்கும்; பின்னர் அதனை அறுத்தெடுத்தலன்றி வேறு வழியிராது.

அடுத்து, உறுப்பை உயர்த்துதல். வீங்கிய கையைத் தலையணைமீது வைத்து, முழங்கையினும் மணிக்கட்டும், மணிக்கட்டினும் விரல்களும் சிறிது உயர்ந்திருக்குமாறு அமைத்தல் நன்று; நீர் தன் எடையாலேயே இறங்கும். காலை உயர்த்துங்கால் கெண்டைக்கால் முழுதும் தாங்கப்பெற்றுக் குதிகால் எதன்மீதும் படாது நிற்றல் வேண்டும். குதிகால் எலும்பின்மேல் தசைப்போர்வை இன்மையின், அங்கே புண் விரைந்து தோன்றும்.

அழுத்தம்

புறத்தேயிருந்து ஓர் உறையாலோ கட்டுத்துணியாலோ உறுப்பை அழுத்துதல் இரண்டு பயன் தரும். திசுவினுள் அழுத்தம் உயர்தலின் தந்துகியினின்று கசிவு குறையும். தேங்கிய நீர் நிணநீர்க் குழாய்களுள் நுழைய ஏவப்படும். இயற்கையே இம்முறையைக் கையாளுகின்றது. ஒட்டகச்சிவிங்கியின் இருதயம் தரையினின்று நெடுந்தூரம் உயர்ந்திருத்தலின், அதன் பாதத்தில் குருதியழுத்தம் மிகப் பெரிது. அவ்விலங்கின் கால்கள் வீங்காமைக்குக் காரணம், இறுகிய காலுறை போல் அமைந்த அதன் தோலும், நடக்குங்கால் இயங்கும் தசையுமே என்று 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. அழுத்தமும் அசைவும் ஒருங்கே தொழிற்படுதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

மக்களும் இதனைக் கற்றுக்கொண்டனர். ஜெர்மனி நாட்டுத் தோல் மருத்துவர் உன்னா என்பார் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், துத்தநாகக் களிம்பு தோய்த்த துணியைக் காலிற் சுற்றி ஆறாப் புண்களை ஆற்றினர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டொலீடோ நகரில் வாழ்ந்த பொறியாளர் கான்ராடு ஜோப்ஸ்டு என்பவர், தம் கால்நோய் நீச்சற்குளத்தில் நிற்குங்கால் தணிதலை உணர்ந்தார். குளத்து நீரின் அழுத்தம் ஆழத்தே மிகுந்து மேலே செல்லச்செல்லக் குறைவதே அதற்குக் காரணம் எனத் தெளிந்து, கணுக்காலில் மிகுதியாகவும் மேற்செல்லக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 ஆம் ஆண்டளவில் ஆக்கினார். இன்று வழங்கும் படிமுறைக் காலுறைகளுக்கு அதுவே முன்னோடி.

கட்டும் முறைக்கும் ஒரு கணக்குண்டு. ஒரே இழுப்புடன் துணியைச் சுற்றினும், சிறுத்த இடத்தில் அழுத்தம் மிகும். பருத்த இடத்திற் குறையும். இது லாப்லாஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெயரால் வழங்கும் விதி. ஆதலின் கணுக்கால் முதல் முழங்கால் வரை ஒரே சீராக இழுத்துக் கட்டினால், படிமுறை தானாகவே அமையும். இதனாலேயே எலும்பு துருத்தி நிற்கும் இடங்களிற் பஞ்சு வைத்துப் பருமை சேர்த்தல் இன்றியமையாததாகின்றது. இன்றேல் அவ்விடத்து அழுத்தம் மிக்குத் தோல் கன்றும். கட்டு விரலடியினின்று தொடங்கி மேனோக்கிச் செல்லல் வேண்டும். விரல்நுனிகள் கண்ணுக்குத் தெரியல் வேண்டும். சுருக்கமோ மடிப்போ கூடாது. முழங்காலின் கீழ்ச் சுருண்டு இறங்கிய காலுறை கயிறு போல் இறுகி, வீக்கத்தைக் குறைத்தற்கு மாறாகப் பெருக்கும். கைக்காயின் விரல் ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து தனித்தனியே மென்துணியாற் சுற்றுதலோ, விரல்நுனி திறந்த அழுத்தக் கையுறை அணிவித்தலோ உண்டு.

கட்டுத்துணியிலும் இருவகையுண்டு. மிக நீளும் இயல்பினது, உறுப்பு ஓய்ந்திருக்கும்போதும் விடாது அழுத்தும். சிறிதே நீளுவதோ, ஓய்வில் மெல்ல அழுத்தி, தசை அசையும்போது நெகிழாது நின்று மிகுதியாக அழுத்தும். பின்னதன் பயன் அசைவோடு கூடியவழியே முழுமை பெறும். அசைவே இல்லாதவர்க்கு, காற்று நிரம்பியும் வடிந்தும் மாறிமாறிக் காலை அழுத்தும் பொறியுறைகள் தசையின் வேலையை ஓரளவு செய்கின்றன.

நிற்க. அழுத்தம் இருபுறமும் கூரிய வாள். பக்கவாதத்தால் நடக்கவியலாத 2,518 பேரிடத்து நிகழ்த்தி 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட பேராய்வில், தொடையளவு நீண்ட காலுறைகள் சிரையிற் குருதி உறைதலைக் குறைக்கவில்லை. தோற்புண்ணும் கொப்புளமுமோ, காலுறை அணியாதவர்க்கு 1 விழுக்காடாக இருக்க, அணிந்தவர்க்கு 5 விழுக்காடாயிற்று. அத்தகையோர் 2,876 பேரிடத்துச் செய்த 2013 ஆம் ஆண்டின் ஆய்விலோ, காற்றுறைப் பொறி குருதி உறைதலை 12.1 விழுக்காட்டினின்று 8.5 விழுக்காடாகக் குறைத்தது. மீண்டும் 2019 ஆம் ஆண்டில், இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் தீவிர சிகிச்சை பெற்ற 2,003 பேரிடத்து ஆராய்ந்தபொழுது, உறைதலைத் தடுக்கும் மருந்து பெறுவோர்க்கு அப்பொறியால் மிகுபயன் காணப்படவில்லை. இவை குருதி உறைதலைப் பற்றிய ஆய்வுகளேயன்றி வீக்கத்தைப் பற்றியனவல்ல. எனினும், ஒரே கருவி ஒருவர்க்கு நன்மையும் மற்றொருவர்க்குத் தீமையும் ஆகும் என்பதை இவை ஐயமின்றி உணர்த்துகின்றன.

ஆகவே அழுத்துமுன் ஆராய வேண்டுவன சில உள. காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டிருப்பின், புறவழுத்தம் எஞ்சிய குருதியையும் தடுத்துக் காலை அழித்துவிடும். நீரிழிவினரும் புகைபிடிப்போரும் இதில் மிகக் கருதத்தக்கவர். கணுக்காலின் குருதியழுத்தம் கையினதில் பாதிக்கும் குறைவாயின் இறுகக் கட்டுதல் ஆகாது என்பர். இருதயம் மிகத் தளர்ந்தவரிடத்து, காலினின்று பிழியப்பட்ட நீர் ஒருசேரத் திரும்பி மூச்சுத்திணறலை விளைத்தல் கூடும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்குமாயின், அது சிரையிற் குருதி உறைந்தமைக்கு அறிகுறியாகலாம். அதனை மருத்துவர் சோதித்தறியுமுன் கட்டுதலும் பிடித்துவிடுதலும் கூடா. கட்டிய பின்னும் நாள்தோறும் அவிழ்த்துத் தோலைப் பார்த்தல் வேண்டும். விரல் நீலித்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும், வலித்தாலும் உடனே செவிலியரிடம் கூறுதல் வேண்டும். மயக்கத்திலுள்ளவர் வலியைச் சொல்ல மாட்டாராதலின், அவர்க்காகப் பிறர் கண்ணே காவல்.

அசைவு

ஓய்வு என்பதும் அசைவின்மை என்பதும் ஒன்றென எண்ணுதல் நம்மிடைப் பரவியதொரு பிழைக்கொள்கை. நோயாளி விரலை அசைத்தாலும், "அசையாமற் படு" என்று தடுக்கும் அன்பு பெரிதே. ஆயின் அவ்வன்பு நன்மை பயப்பதன்று. படுக்கையே நோயாளிக்குத் தீங்காதல் கூடும் என்பதை 1947 ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் கட்டுரை வரைந்து எச்சரித்துள்ளார்.

அசைவு படிப்படியாகச் செய்யத்தகுவது. உணர்விலாதவர்க்கு இயன்மருத்துவரோ செவிலியரோ தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொரு மூட்டையும் அதன் எல்லையளவும் மெல்ல மடக்கி நீட்டுவர். இதனால் மூட்டு இறுகாது. சிரையும் நிணநீர்க் குழாயும் சிறிது பிழியப்படும். உணர்வு மீண்டவர், பாதத்தை மேலும் கீழும் ஆட்டுதல், உயர்த்திய கையை மூடித் திறத்தல் ஆகியவற்றைத் தாமே செய்வர். பிறர் அசைப்பதினும் தாமே அசைத்தல் சிறந்தது. தசை சுருங்கினாலன்றிப் பிழிவு வலிதாகாது. அடுத்துப் படுக்கையோரத்தில் அமர்தல், நிற்றல், சில அடி நடத்தல் என வளரும். அமருங்கால் கால்களை நெடுநேரம் தொங்கவிடின் மீண்டும் வீங்குமாதலின், இடையிடையே தாங்கி உயர்த்துதல் வேண்டும்.

இதன் பயன் ஆராய்ந்து கண்டது. 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்றில், காற்றூட்டும் பொறியிலிருந்த 104 பேருள், மயக்க மருந்தை நாடோறும் சிறிது நிறுத்தித் தொடக்கத்திலேயே உடற்பயிற்சி அளிக்கப்பெற்றவரில் 59 விழுக்காட்டினர், மருத்துவமனையை விட்டு நீங்குங்கால் தம் வேலையைத் தாமே செய்யும் நிலையை எய்தினர். ஏனையோரில் 35 விழுக்காட்டினரே எய்தினர். ஆயின் மிகுதியாகச் செய்வதே மேல் எனவும் கொள்ளற்க. 750 பேரிடத்து நிகழ்ந்து 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வழக்கமான அளவினும் மிகுத்து அசைத்ததால் கூடுதற் பயன் காணப்படவில்லை. இதயத்துடிப்பு மாறுதல், குருதியழுத்தம் தாழ்தல் முதலிய இடையூறுகளோ மிகுந்தன. அளவறிந்து செய்தலே அறிவுடைமை. குருதியழுத்தமும் மூச்சும் நிலைபெற்றனவா என்று மருத்துவர் கண்டு கூறிய பின்னரே தொடங்குதல் தகும்.

இவ்விடத்து நம் இல்லங்களின் வழக்கம் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். வீக்கம் கண்டால் தைலம் தடவி அழுத்தி நீவுதலும், சூடான ஒத்தடம் கொடுத்தலும் நம்மவர் மரபு. நிணநீரை வழிப்படுத்தும் கைமுறை ஒன்று 1930 ஐ அடுத்த ஆண்டுகளில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் என்பாரும் அவர் மனைவியாரும் வகுத்தது. அது தோலை மெல்ல நகர்த்தும் இலேசான தொடுகையேயன்றி வலிந்து தேய்த்தல் அன்று. கடுநோயாளரின் நீர்நிறைந்த தோல் வலிய நீவலாற் கிழியும். உணர்வற்ற கால் ஒத்தடத்தால் வெந்து போதலும் உண்டு. ஆதலின் இவற்றை மருத்துவரைக் கேளாது செய்தல் கூடாது.

அளந்தறிதல்

வீக்கம் குறைந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் துணிதல் அரிது. வீங்கிய இடத்தை விரலால் அழுத்தியெடுத்தாற் குழி விழும். அக்குழியின் ஆழமும், அது நிரம்பும் காலமும் ஓர் அளவு. மற்றொன்று அளவுநாடா. கணுக்காலிலும், கெண்டைக்காலிலும், மணிக்கட்டிலும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் நாள்தோறும் சுற்றளவெடுத்துக் குறித்துவரின் உண்மை புலப்படும். உடம்பெடையும் சான்றாகும், ஓரிரு நாளிற் பல கிலோ ஏறினால் அது நீரே, சதை ஆகாது. சிரையிற் செருகிய ஊசியின் பக்கத்தே மட்டும் கை வீங்கி வலித்தால், செலுத்தும் மருந்து குழாயைவிட்டு வெளியே பரவுகின்றதெனக் கொண்டு உடனே அறிவித்தல் வேண்டும்.

அருகிருப்போர் கடமை

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிவானையும் ஒரு கூறாக எண்ணுகின்றது. நாம் அக்குறளைப் பாடமாகக் கற்கின்றோம். உரை வேறுபாடுகளையும் ஆராய்கின்றோம். நான்காம் கூறு நாமே என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம். நம்முள் எவர்க்கேனும் தந்தையோ தாயோ உடன்பிறந்தாரோ அத்தகைய படுக்கையிற் கிடக்கும் நாள் வரக்கூடும். அந்நாளில் மருந்தும் பொறியும் நம் கையில் இரா. ஆயின் மோதிரத்தைக் கழற்றுதலும், தலையணையைச் சரிசெய்தலும், கட்டின் கீழ் விரல் நீலித்ததா என்று நோக்குதலும், "இன்று இவர் எவ்வளவு அசையலாம்? அதில் யாம் செய்யத்தகுவது யாது?" என்று செவிலியரை வினவுதலும் நம் கையில் உள்ளன.

உயிரைக் காத்தல் அரிய செயல். காத்த உயிர் தன் கையால் உண்டு, தன் காலால் நடக்கச் செய்தல் அதனை நிறைவிக்கும் செயல். முன்னதற்குப் பெருங்கல்வி வேண்டும். பின்னதற்கு, கற்றாரது வழிகாட்டலோடு, கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையுடைய கையும் வேண்டும். அவ்விரண்டும் நம் எல்லோர்க்கும் உள்ளனவாதலின், அவற்றைப் பயன்படுத்தும் அறிவு நம்மிடையே பரவுக.